புரதத்தைத் திருத்தப் பழகலாம்: குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டே தொடங்குபவர்களுக்கு

வருடத்துக்கு நாலைந்து பேராவது கேட்கிறார்கள். தாவரவியலோ நுண்ணுயிரியலோ படித்து முடித்துவிட்டு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டில் இருப்பவர்கள். "அண்ணா, புரோட்டீன் என்ஜினியரிங் என்கிறார்களே, அதுக்கு எங்கே கோர்ஸ் சேரணும்?" கோர்ஸ் கதை அப்புறம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அக்கானி (பதநீர்) இறக்கும் கலயத்துக்குள் சுண்ணாம்பு ஏன் தடவுகிறார்கள்?

"புளிக்காமல் இருக்க" என்பார்கள். சரிதான். ஏன் புளிக்காது? பனம்பாளையில் சொட்டுவது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்ததும் இன்வர்டேஸ் என்ற நொதியால் (நொதி என்றால் வேதிமாற்றத்தை வேகப்படுத்தும் புரதம்) சர்க்கரையை இரண்டாக வெட்டுகிறது. அதற்குப் பிறகுதான் சாராயமாக மாற்றும் வேலை ஓடுகிறது. அந்த இன்வர்டேஸுக்குக் கொஞ்சம் புளிப்பான சூழல்தான் பிடிக்கும். சுண்ணாம்பு காரத்தை ஏற்றிவிடுவதால் ஈஸ்டும் படுக்கிறது, நொதியும் படுக்கிறது. பனையேறி கலயத்தின் சூழலை மாற்றி நொதியை அடக்குகிறார். நாம் பழகப்போவது அதற்கு நேர் எதிரான வேலை. சூழல் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், அதற்குத் தக்கபடி நொதியை மாற்றுவது. காரத்திலும் வேலை செய்கிற நொதி, 70 டிகிரி சூட்டிலும் சுருண்டுபோகாத நொதி, பாம்பு விஷத்தைப் போய்க் கவ்விக்கொள்கிற சின்னப் புரதம் என்று.

இதற்குப் பெரிய நகரத்துக்குப் போயே ஆகவேண்டும் என்பதில்லை. முதல் மூன்று மாத வேலை முழுக்க ஒரு லேப்டாப்பில் அடங்கும். அதற்கு மேல் போக ஆய்வகம் வேண்டும். அதற்கான வழியையும் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: அடுப்படியில் ஒரு சாயங்காலம்

மெடிக்கல் ஷாப்பில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில் வாங்குங்கள். கோழிக்கடையில் கொஞ்சம் ஈரல். மூன்று கண்ணாடி டம்ளர். முதல் டம்ளரில் பச்சை ஈரல் ஒரு துண்டு, இரண்டாவதில் ஐந்து நிமிடம் வேகவைத்த துண்டு, மூன்றாவதில் பத்து நிமிடம் வினிகரில் ஊறிய துண்டு. மூன்றிலும் ஒரே அளவு பெராக்சைடை ஊற்றிவிட்டுப் பாருங்கள். பச்சை ஈரல் சோப்பு நுரை மாதிரிப் பொங்கி டம்ளர் விளிம்புக்கு வரும். வெந்தது அசையாமல் கிடக்கும். வினிகரில் ஊறியது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ.

பொங்கவைப்பது காட்டலேஸ் என்ற நொதி. அதன் ஒரு மூலக்கூறு ஒரு விநாடியில் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். அது ஒரு நீளச் சங்கிலி மடிந்து உருவானது. வேகவைத்தபோது அந்தச் சங்கிலி அறுந்துபோகவில்லை. கண்ணி ஒன்றுகூட மாறவில்லை. மடிப்பு மட்டும் கலைந்தது, அதோடு வேலையும் போனது. வடிவம்தான் வேலை என்று பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை மூன்று டம்ளர் சொல்லிவிடும். சிரித்துவிட்டுத் தாண்டிப்போகிறவர்கள் பின்னால் கணினித் திரையில் வரும் வண்ணப்படத்தைப் படமாக மட்டுமே பார்ப்பார்கள். அதனால் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, இது நம் வீட்டுச் சமாச்சாரம். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம் இல்லையா? கிழங்கின் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருள் ஒரு பையில் இருக்கிறது. அதை உடைக்கும் லினமாரேஸ் நொதி செல்சுவர்ப் பக்கம் தனியாக இருக்கிறது. நறுக்கினால், துருவினால் இரண்டும் சந்தித்து சயனைடு வெளியேறத் தொடங்கும். கசப்பு மரச்சீனியை முழுசாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் விஷம் உடைவதற்கு முன்பே நொதி வெந்துவிடும். துருவி ஊறவைத்துவிட்டு வேகவைத்தால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். கிழங்கு கசந்தால் ஆச்சி ஏன் அத்தனை தடவை தண்ணீர் மாற்றினார் என்பது எனக்கு எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில்தான் விளங்கியது.

படி 2: இருபது எழுத்து

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களை மணிமாலை மாதிரி கோத்த சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறியீடு உண்டு. அந்த இருபதையும் மனப்பாடம் செய்யுங்கள். எது தண்ணீரை விரும்பும், எது எண்ணெய்ப் பசையானது, எதற்கு நேர்மின், எதற்கு எதிர்மின், எது பருமன் என்பதையும் சேர்த்து. இரண்டு வாரம் ஆகும். இதில் குறுக்குவழி கிடையாது, இதைப் பற்றிச் சொல்ல அதிகமும் இல்லை.

ஒரே ஒரு துணைப்பாடம். சங்கிலி இஷ்டத்துக்கு மடங்காது. ஒவ்வொரு கணுவிலும் எந்தக் கோணம் சாத்தியம், எது அணுக்கள் முட்டிக்கொள்ளும் கோணம் என்று வரைபடம் போட்டுக் காட்டியது நம் சென்னைப் பல்கலைக்கழகம்தான். ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் இருந்தவர்களும் 1963-இல் வெளியிட்ட அந்த வரைபடத்தில்தான் இன்றைக்கும் உலகத்தில் எந்தப் புரத வடிவத்தையும் சரிபார்க்கிறார்கள். ஒருநாள் உட்கார்ந்து அதைக் கையால் வரைந்து பாருங்கள்.

படி 3: எந்தப் பிரச்சினை?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "பிளாஸ்டிக்கை ஒழிக்கணும், கேன்சரை ஒழிக்கணும்" என்று தொடங்குவார்கள். அது ஆசை. வேலை தொடங்க வேண்டுமானால் நான்கு கேள்விக்குப் பதில் வேண்டும். எந்த மூலக்கூறு? அதில் எந்தப் பிணைப்பை உடைக்கணும், அல்லது எந்த இடத்தைக் கவ்வணும்? அதைச் செய்கிற புரதம் இயற்கையில் ஏற்கெனவே இருக்கிறதா? வேலை நடந்ததா என்று எதை அளந்து தெரிந்துகொள்வீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத பிரச்சினையைத் தொடவே வேண்டாம்.

பிளாஸ்டிக்கையே எடுத்துக்கொள்வோம். சின்னமுட்டம் துறைமுகத்துப் பக்கம் ஒருநாள் நடந்து, கிடக்கிற குப்பையைக் கையால் பிரித்துப் பாருங்கள். வலைத்துண்டு பெரும்பாலும் நைலான் அல்லது பாலிஎத்திலீன். கேரி பேக் பாலிஎத்திலீன். தண்ணீர் பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும், அதுதான் அடையாளம். பாலிஎத்திலீனின் முதுகெலும்பு வெறும் கார்பன்–கார்பன் சங்கிலி, நொதி பல் வைக்க இடமே கிடையாது. பெட்டில் எஸ்டர் என்ற, நொதியால் வெட்ட முடிகிற பிணைப்பு இருக்கிறது. இலைகளின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சிலும் எஸ்டர்தான். அதைத் தின்னும் கியூட்டினேஸ் நொதிகள் பல கோடி வருடமாக இருக்கின்றன. அதனால் பெட்டுக்கு வழி இருக்கிறது, கேரி பேக்குக்கு இன்றைக்குச் சொல்லிக்கொள்ளும்படி வழி இல்லை. "பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் எந்த பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெட்டின் கதை பழகுவதற்கு நல்ல கதை. ஜப்பானில் சக்காய் நகரத்தில் பாட்டில் மறுசுழற்சிக் கூடத்துக்குப் பக்கத்து மண்ணில் ஒரு பாக்டீரியா (Ideonella sakaiensis) கிடைத்தது. 2016-இல் அறிவித்தார்கள். அதன் பெடேஸ் நொதி 30 டிகிரியில், அதாவது நம் ஊர் சாதாரண சூட்டில், மெல்லிய பெட் படலத்தைத் தின்றது. ஆனால் ஆறு வாரம் எடுத்தது. இன்னொரு பக்கம், ஜப்பானிலேயே இலைக்குப்பை உரத்திலிருந்து எடுத்த ஒரு கியூட்டினேஸை பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துத் திருத்தினார்கள். நான்கு இடத்தில்தான் மாற்றம். 2020-இல் அவர்கள் காட்டியது: 72 டிகிரியில், 10 மணி நேரத்தில் பெட்டின் 90 சதவீதம் அதன் மூலப்பொருளாகத் திரும்பியது. ஆறு வாரம் எங்கே, பத்து மணி நேரம் எங்கே.

ஆனால் அந்த நொதியைக் கொண்டுபோய் மணக்குடிக் காயலில் கொட்டினால் பாட்டில் கரையும் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டிலில் பெட் இறுக்கமான படிகமாக இருக்கிறது, நொதிக்கு உள்ளே நுழைய முடியாது. உருக்கி, சட்டென்று குளிர்வித்து, அரைத்துப் பொடியாக்கிய பிறகே கொடுக்கிறார்கள். பெட் உடைய உடைய அமிலம் வெளிவரும், காரம் சேர்த்துச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இது தொட்டியில் நடக்கிற தொழிற்சாலை வேலை. கடற்கரையைச் சுத்தம் பண்ணும் வேலை அல்ல.

உடல்நலப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது பாம்புக்கடி. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள், ஆளுக்கொரு கதை இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் இதனால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மருந்து இன்றைக்கும் நூறு வருடத்துக்கு முந்தைய முறைதான். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலுக்குத்தான் இந்திய மருந்து தயாராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இலைச்சருகுக்குள் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியனுக்கு அது சரியாக வேலை செய்யாது.

2025 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து டேவிட் பேக்கர் குழுவினர் ஒன்று காட்டினார்கள். நல்லபாம்பு வகைகளின் விஷத்தில் மூன்று விரல் மாதிரி வடிவமுள்ள நச்சுப் புரதங்கள் உண்டு. அதைக் கவ்விப்பிடிக்கும் சின்னப் புரதங்களை இயற்கையில் தேடாமல் கணினியிலேயே புதிதாக வடிவமைத்து, சாகும் அளவு நச்சு ஏற்றிய எலிகளைப் பிழைக்கவைத்தார்கள். 2024 வேதியியல் நோபலில் பாதி பேக்கருக்கு இந்த மாதிரிப் புரத வடிவமைப்புக்காகத்தான் கிடைத்தது. மறுபாதி, வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும். ஆனால் இது மூன்று விரல் நச்சுக்கு மட்டும். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷத்தில் பெரும்பங்கு வேறு புரதங்கள், அதை இன்னும் யாராவது செய்ய வேண்டும். இதெல்லாம் ஆய்வகத்துக் கதை. யாருக்காவது கடித்தால் இன்றைக்கும் ஆஸ்பத்திரிதான்.

நம் மாவட்டத்தில் யாரும் பெரிதாகக் கைவைக்காத சின்னப் பிரச்சினைகளும் நிறைய. கதம்பையை (தேங்காய் மட்டை) காயலில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். நாரைப் பிடித்திருக்கும் பெக்டினை பாக்டீரியாக்களின் நொதிகள் மெல்ல மெல்லத் தின்று நாரை விடுவிக்கின்றன. அந்த அழுகல் நாற்றமும், தண்ணீர் கறுத்துப்போவதும் அதற்கான விலை. உப்புத் தண்ணீரிலும் வேகமாக வேலை செய்யும் பெக்டினேஸ் ஒன்று இருந்தால்? குளச்சலில் இறால் ஓடு மலைமலையாகக் கிடக்கிறதே, அதன் கைட்டினை வெட்டும் நொதி? ரப்பர் ஷீட் அடிக்கும்போது ஓடையில் போகும் கழிவுநீர்? எனக்கு இந்த மூன்றில் கதம்பைமேல்தான் கண். காரணம், அளப்பது சுலபம். நார் எவ்வளவு சீக்கிரம் பிரிகிறது என்று கையால் இழுத்துப் பார்த்தாலே தெரியும்.

படி 4: லேப்டாப்பில் முதல் மாதம்

பழகுவதற்கு எல்லோரும் பெடேஸையே எடுங்கள். அதில் எழுதப்பட்ட கட்டுரைகள் நிறைய, தவறினால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

யூனிப்ராட் (UniProt) என்ற இலவசத் தளத்தில் அந்த பாக்டீரியாவின் பெயரையும் பெடேஸ் என்றும் தேடினால் 290 எழுத்து வரிசை வரும். அதைக் காப்பி பண்ணி ஒரு நோட்டிலும் எழுதுங்கள், கையால். அப்புறம் புரத வடிவங்களின் பொதுக் களஞ்சியமான பி.டி.பி.-க்குப் (PDB) போங்கள். 1971 முதல் ஆய்வகங்கள் எடுத்த வடிவங்கள் அங்கே சேர்ந்துகொண்டிருக்கின்றன. 6-இ-க்யூ-இ (6EQE) என்ற எண்ணைத் தேடுங்கள். பெடேஸின் மிகத் துல்லியமான வடிவங்களில் அது ஒன்று. கைமேராஎக்ஸ் (ChimeraX) என்ற மென்பொருளில் திறங்கள், படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இலவசம். சாதாரண லேப்டாப்பே போதும்.

முதல் பயிற்சி: வெட்டும் கத்தி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. 160-ஆம் இடத்துச் செரின், 237-ஆம் இடத்து ஹிஸ்டிடின், 206-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம். வரிசையில் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்! மடிந்த பிறகோ மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். செரினுக்கும் ஹிஸ்டிடினுக்கும் நடுவே அளவுகோல் வைத்தால் சுமார் 3 ஆங்ஸ்ட்ரம் (ஒரு ஆங்ஸ்ட்ரம் என்பது செ.மீ.யில் பத்துக் கோடியில் ஒரு பங்கு).

இங்கே நான் மூன்று வாரம் வீணடித்த கதையைச் சொல்லியாக வேண்டும். கத்திச் செரின் 131-ஆம் இடத்தில் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நானும் 131-ஐச் சுற்றி எதையெதை மாற்றலாம் என்று பட்டியல் போட்டு, அட்டவணை எல்லாம் தயாரித்து, வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் கைமேராஎக்ஸில் 131-ஐக் கிளிக் பண்ணினார். திரையில் வந்தது லியூசின். "இதுவா தம்பி கத்தி?" என்று மட்டும் கேட்டார். நடந்தது இதுதான்: செல் இந்த நொதியை வெளியே அனுப்புவதற்காக முன்னால் ஒட்டியிருக்கும் 27 எழுத்து வாக்கிலான முகவரிச்சீட்டையும் சேர்த்துச் சிலர் எண்ணுகிறார்கள், சிலர் அதை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள். அந்தக் கட்டுரையின் எண்ணுக்கும் இந்த வடிவத்தின் எண்ணுக்கும் 29 வித்தியாசம். 131-உம் 160-உம் ஒரே ஆள்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, எண்ணை நம்பாமல் அக்கம்பக்கத்தைப் பார்ப்பது. இந்த வகை நொதிகளில் கத்திச் செரினுக்கு இரண்டு பக்கமும் ஒன்று விட்டு ஒன்று கிளைசின் இருக்கும். பெடேஸில் அந்த இடம் கிளைசின், டிரிப்டோஃபேன், செரின், மெத்தியோனின், கிளைசின். நம் ஊரில் கதவிலக்கத்தை வைத்து யாரும் வீடு தேடுவதில்லையே, "சர்ச்சுக்கு எதிர்வீடு" என்றுதானே கேட்போம். அதே மாதிரி.

படி 5: எதை மாற்றுவது?

290 இடம், ஒவ்வொன்றிலும் வேறு 19 எழுத்து வைக்கலாம். ஒரே ஒரு மாற்றம் என்றால் 5,510 வகை. இரண்டு மாற்றம் என்றால் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். எல்லாவற்றையும் செய்து பார்க்க ஆயுள் போதாது. மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, தற்செயலை நம்புவது. மரபணுவைப் பிரதி எடுக்கும்போது வேண்டுமென்றே பிழை விழவைத்து, ஆயிரக்கணக்கான வகைகளில் நல்லதைப் பொறுக்கி, அதிலிருந்து மறுபடி பிழை. விதைநெல் பொறுக்குகிற புத்திதான். ஃபிரான்சஸ் அர்னால்டு 1993-இல் சப்டிலிசின் என்ற நொதியை இப்படி மூன்று தலைமுறை வளர்த்து, கரிமக் கரைப்பானில் 256 மடங்கு நன்றாக வேலை செய்யவைத்தார். அதற்கு 2018-இல் நோபல். வடிவமே தெரியாவிட்டாலும் இந்த வழி வேலை செய்யும். ஆனால் ஆயிரம் வகையைச் சோதிக்கும் வசதி வேண்டும். வீட்டிலிருந்து ஆகாது.

இரண்டாவது, சொந்தக்காரர்களைப் பார்ப்பது. உங்கள் நொதியின் உறவு வரிசைகள் நூறை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். நூறிலும் மாறாத இடத்தைத் தொடாதீர்கள். தொண்ணூறு பேரிடம் ஓர் எழுத்தும் உங்கள் ஆளிடம் மட்டும் வேறொன்றும் இருந்தால், அதை ஊரோடு ஒத்துப்போகவைத்தால் பல சமயம் சூடு தாங்கும் தன்மை கூடும். புதியவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான். கணினித் திறமை பெரிதாகத் தேவையில்லை, கண்ணும் பொறுமையும் போதும்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2022-இல் பெடேஸில் ஐந்து மாற்றம் செய்தார்கள். மூன்று மாற்றம் ஏற்கெனவே மற்றவர்கள் கண்டுபிடித்தது. எந்த இடத்தில் எழுத்து பொருந்தாமல் உட்கார்ந்திருக்கிறது என்று ஆயிரக்கணக்கான வடிவங்களைப் பார்த்துப் பழகிய நிரல் புதிதாக இரண்டைச் சொன்னது: 224-லும் 233-லும். அந்த நொதி 50 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் கடையில் விற்கும் பெட் பெட்டிகளைக் கரைத்தது. புரோட்டீன் எம்.பி.என்.என்., ஆர்.எஃப். டிஃப்யூஷன் போன்ற புரத வடிவமைப்புக் கருவிகளும் இன்று இலவசம். கோலாப்ஃபோல்டு என்பதை பிரவுசரிலேயே ஓட்டலாம், வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கணித்துத் தரும்.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். ஓர் எழுத்தை மாற்றிவிட்டு ஆல்ஃபாஃபோல்டில் போட்டு, "பழைய வடிவமேதான் வருகிறது, அப்படியானால் என் மாற்றம் நல்லது" என்று கொண்டுவருகிறவர்கள் ஏராளம். ஒற்றை எழுத்து மாற்றத்தால் புரதம் குலையுமா குலையாதா என்று சொல்வதற்காக அதைச் செய்யவில்லை. கத்திச் செரினையே பிடுங்கிவிட்டுப் போட்டாலும் அதே அழகான படம்தான் வரும். நிறத்தையும் கவனியுங்கள். அது ஒவ்வோர் இடத்துக்கும் 100-க்கு எவ்வளவு நம்பிக்கை என்று சொல்கிறது. 90-க்கு மேல் என்றால் தைரியமாகப் பார்க்கலாம். 50-க்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஆடும் நூலை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்தப் படியின் முடிவில் உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒரு பக்கக் காகிதம். பத்து மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி.

படி 6: ஆய்வகம்

வீட்டில் செய்யாதீர்கள். ஆபத்து என்பதற்காக மட்டுமல்ல, சட்டமும் அப்படி. மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கையாள 1989-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. வேலை நடக்கும் நிறுவனத்தில் உயிரியல் பாதுகாப்புக் குழு இருந்து, அது அனுமதி தர வேண்டும். நச்சுப் புரதங்களோடு விளையாடும் எண்ணமும் வேண்டாம். மரபணு செய்துதரும் கம்பெனிகள் கேட்கும் வரிசையைப் பரிசோதித்துத்தான் தருவார்கள்.

வேலை எப்படிப் போகும் என்று மட்டும் சொல்கிறேன். உங்கள் திருத்திய வரிசைக்கு மரபணுவை ஆர்டர் செய்து, பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.வில் ஏற்றி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்புவார்கள். பாக்டீரியா வளர்ந்ததும் ஒரு தூண்டுபொருளைப் போட்டால் உங்கள் புரதத்தைச் செய்யத் தொடங்கும். ஆர்டர் பண்ணும்போது அந்த முகவரிச்சீட்டை வெட்டிவிட்டு, வால்பக்கம் ஆறு ஹிஸ்டிடினைச் சேர்ப்பார்கள். அது நிக்கல் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும். பாக்டீரியாவை அவசரப்படுத்தினால் புரதம் மடங்காமல் கட்டியாகக் கெட்டித்துவிடும். சூட்டைக் குறைத்து, 18 டிகிரியில் ராத்திரி முழுக்க மெதுவாகச் செய்யவிடுவது வழக்கம். தயிர் உறையும்போது பாத்திரத்தை ஆட்டக்கூடாது என்பார்களே, அந்தப் பொறுமை வேண்டும்.

அப்புறம் அளவீடு. முதல் சோதனைக்கு ஒரு நிறமில்லாத எஸ்டரைக் கொடுப்பார்கள், நொதி அதை வெட்டினால் மஞ்சள் நிறம் வரும். என்னோடு இருந்த ஒரு மாணவி முதல்நாள் ஓடிவந்தாள்: "அண்ணா, மஞ்சள் வந்துட்டு!" நொதியே போடாத குழாயைக் காட்டு என்றேன். அதுவும் மஞ்சள். அந்த எஸ்டர் காரத்தில் தானாகவே மெல்ல உடையும். நொதி போட்ட குழாயில் வந்த மஞ்சளிலிருந்து போடாத குழாயின் மஞ்சளைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் சம்பாத்தியம். அன்றைக்கு மிஞ்சியது கொஞ்சம்தான், ஆனால் உண்மையாக மிஞ்சியது. ஒன்று போடாதது, ஒன்று வேகவைத்த நொதி, ஒன்று திருத்தாத பழைய நொதி: இந்த மூன்று குழாய் இல்லாமல் எந்த எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள். முதல் படியின் டம்ளர்கள் ஞாபகம் இருக்கிறதா?

கரண்ட் போவதையும் கணக்கில் வையுங்கள். நான் வேலை செய்த ஓர் இடத்தில் யாரோ செல்போன் சார்ஜர் போட ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய், இரண்டு மாத நொதி ஒரு சனி, ஞாயிறில் போனது. அன்றுமுதல் பிளாஸ்மிட் நகல் ஒன்றை வேறொரு கட்டிடத்தில் வைத்திருக்கிறேன்.

படி 7: யாரிடம் போவது?

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் ராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. உப்புத் தண்ணீர் பாக்டீரியா, இறால் ஓடு என்று போகிறவர்களுக்கு இயல்பான வாசல். காலையில் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் போய் வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கே ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம், பாப்பனங்கோட்டில் சி.எஸ்.ஐ.ஆரின் தேசிய ஆய்வுக்கூடம், விதுரைப் பக்கம் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்). கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் உட்காரலாம், செலவுக்கும் கிடைக்கும். காசு கொடுத்துச் சேரும் "ஏ.ஐ. டிரக் டிசைன்" சான்றிதழ் வகுப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். என் அபிப்பிராயம்: அந்தக் காசுக்கு நல்ல கீபோர்டும் இரண்டு டேட்டா ரீசார்ஜும் வாங்கலாம்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் "தங்கள் மேலான ஆய்வகத்தில் வாய்ப்பு வேண்டி" என்று தொடங்காதீர்கள். அப்படி நாளைக்குப் பத்து வரும். ஐந்து வரி போதும். நான் இந்த நொதியை எடுத்தேன். இந்தப் பிரச்சினைக்காக. உறவு வரிசைகள் இத்தனை அடுக்கிப் பார்த்தேன். இந்தப் பத்து மாற்றத்தில் இந்த இரண்டைச் சோதிக்க ஆசை, காரணம் இது. உங்கள் ஆய்வகத்தில் இந்த அளவீட்டைச் செய்வதாக உங்கள் கட்டுரையில் படித்தேன், இரண்டு மாதம் வந்து கற்றுக்கொள்ள முடியுமா? கூடவே அந்த ஒரு பக்கக் காகிதமும், மாற்றும் இடத்தைக் காட்டும் ஒரே ஒரு படமும். படத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண்முறை என்று எழுதிவிடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால் அடுத்த ஆள்.